காபி நேரத்துக் குழாய்

ஆய்வகத்திலிருந்து மூன்றாவது குழாய்க்கும் அதே பதில்தான் வந்தது: கழுவிய பிறகும் உள்ளே கிருமி. ஆஸ்பத்திரியில், வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பிக் குழாய்களைக் கழுவும் அறையில் பதினெட்டு வருடம் குப்பை கொட்டிய ராக்ன்ஹில்டுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இன்னொன்று இப்படி வந்தால் அவளைத் துணி சலவைக்கு மாற்றிவிடுவதாக மேலாளர் பிரிட்டா சொல்லிவிட்டாள்.

பிரஷ்ஷை மாற்றினாள். கழுவும் இயந்திரத்தைச் சோதித்தாள். ஒரு குறையும் இல்லை. பிறகு குழாய்கள் வந்து சேரும் நேரத்தைக் குறித்து வைத்தபோதுதான் விஷயம் புரிந்தது. வயிற்றிலிருந்து எடுத்த கையோடு, படுக்கையருகிலேயே குழாயைத் துடைத்து உள்ளே தண்ணீர் பாய்ச்ச வேண்டும். விட்டால் சளி காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதனடியில் கிருமி குடித்தனம் நடத்தும். ஆனால் சுவீடனில் ஒன்பதரை மணிக் காபிக்கு மேல் ஒரு சாமி கிடையாது. ஒன்பது இருபத்தெட்டுக்கு எடுத்த குழாய் தட்டில் அநாதையாகக் கிடக்கும். டாக்டரும் நர்சுகளும் ஏலக்காய் பன்னைப் பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

நேராகக் காபி அறைக்கே போனாள்.

"ரெண்டு நிமிஷம் தண்ணி விட்டுட்டு வாங்களேன். அவ்வளவுதான் கேக்கறேன்."

"உக்காரு, பன் சூடா இருக்கு," என்றார் சிக்ஸ்டன். டாக்டர்தான், ஆனாலும் அங்கே எல்லோருக்கும் வெறும் சிக்ஸ்டன். "காபி ஆறிடும். கிருமி எங்கயும் ஓடிடாது."

"ஓடாதுங்கறதுதான் பிரச்சினையே."

எல்லோரும் சிரித்தார்கள். பிரிட்டா மட்டும், "நீ கழுவறத ஒழுங்கா கழுவு," என்றாள். செவிடன் காதில் ஊதிய சங்கு.

அடுத்த வியாழக்கிழமை காலை, சிக்ஸ்டன் கழுவும் அறை வாசலில் வந்து நின்றார். அந்த அறைக்கு அவர் வந்தது அதுவே முதல் தடவை.

"ஒரு மாசமா வயித்து வலி. நாளைக்கு எனக்கே உள்ள விட்டுப் பாக்கறாங்க." தொண்டையைக் கனைத்தார். "காபி நேரத்துல கிடந்த குழாய் எதையும் எனக்கு வச்சுடாதே."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆக, தெரியாமல் செய்யவில்லை. இத்தனை நாளும் தெரிந்தேதான் செய்திருக்கிறார்.

"உனக்கு மட்டுமில்ல, நாளைக்கு வர்ற எட்டுப் பேருக்கும் வைக்க மாட்டேன்," என்றாள். நடந்த தவறுகளைப் பதிவு செய்யும் குறைபாட்டுப் படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "இப்ப சொன்னத அப்படியே இதுல எழுதிக் கையெழுத்துப் போடு."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்பதரை.

"காபி குடிச்சிட்டு வந்து எழுதறேனே."

"ஆறட்டும்," என்று பேனாவை நீட்டினாள். அவர் எழுதி முடிக்கும்வரை கதவை மறித்து நின்றாள்.