நாலரை அங்குலச் சுவர்

2006-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஒரு வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு, ஸ்டெல்லாவின் முதுகுவலி அவளை விட்டு இறங்கிச் சுவருக்குள் போனது. அதற்கு முன் ஐந்து வருடம் அது அவளிடம்தான் இருந்தது. தூத்துக்குடியிலிருந்து தெலுங்கு நாட்டுத் தலைநகருக்கு வந்து, அமீர்பேட்டில் விடுதியில் தங்கி சாஃப்ட்வேர் டெஸ்டிங் படித்து, மாதாப்பூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே, இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்ட வலி. வாடகை கட்டுப்படியாகும் என்று சைனிக்புரிக்குக் குடிவந்த பிறகு, கம்பெனி பஸ்ஸில் போக ஒன்றரை மணி, வர இரண்டு மணி. நடுவில் பத்து மணி நேரம் நாற்காலி. கணவன் ஃபெலிக்ஸ் நியூஜெர்சியில் ஆன்சைட்டில் இருந்தான். ஐந்து வயது மகள் ஆக்னஸ், தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறவள், இன்னும் தூக்கச் சொல்லி நின்றாள். வெந்நீர்ப் பை, உப்பு ஒத்தடம், துண்டைச் சுருட்டி முதுகுக்கு அடியில் வைத்துப் படுப்பது, தலையணை இல்லாமல் தூங்குவது என்று எல்லாம் செய்து பார்த்துவிட்டாள். கடைசியாக, பிசியோதெரபி அம்மாள் கொடுத்த தாளில் நான்காவதாக இருந்ததைச் செய்தாள். சுவருக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு டென்னிஸ் பந்தை வைத்து, முழங்காலை மடக்கி மடக்கி மேலும் கீழும் உருட்டினாள். பத்தாவது நிமிடம் எலும்புக்குள் ஏதோ சொடுக்கியது. குழாயில் தண்ணீர் இறங்குகிற மாதிரி ஒரு சத்தம் சுவருக்குள் போய் அடங்கியது. அவள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். திரும்பியது.

மறுநாள் அந்த இடத்தில் சுவர்க்காரை இரண்டு விரற்கடை உள்வாங்கியிருந்தது. தினமும் காலையில் முந்தைய நாளின் வலியைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். கிறிஸ்துமசுக்குள் ஒரு முதுகு முழுசாகப் பதிகிற அளவுக்குப் பள்ளம் விழுந்தது. விரிசல் இல்லை, தூசி கொட்டவில்லை. ஃபெலிக்ஸிடம் போனில் சொன்னபோது அவன் வேறு எதையும் கேட்கவில்லை. “சொவத்துல பாதி அந்தப் பக்கத்து வீட்டுக்காரங்களுக்குல்லா?” என்று மட்டும் கேட்டான். “அவங்க பக்கம் ஒண்ணும் ஆகியிருக்காது,” என்றாள் ஸ்டெல்லா. போய்ப் பார்க்கவில்லை. அந்த ஒரு வருடத்தில் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. மாதாகோவில் பாட்டுக் குழுவில் சேர்ந்தாள். ஆக்னஸை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் சக்ரபாணியும் அவர் மனைவி அபயாம்பாளும் இருந்தார்கள். மாயவரத்துக்காரர்கள். சக்ரபாணி காஞ்சன்பாக்கில் பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடம் ஒன்றில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறு வருடம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. தமிழ், இங்கிலீஷ், வேலையிடத்தில் கற்ற ஜெர்மன் எல்லாம் போய், ஆபீஸ் ஜீப் டிரைவர்களிடம் பிடித்துக்கொண்ட, அவர்கள் பேச்சில் வேண்டாம் என்று பொருள்படும் ‘நக்கோ’ என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. வேண்டும், வேண்டாம், பசி, நன்றி எல்லாவற்றுக்கும் அதுதான். அவரை எழுப்பி உட்கார வைக்க, குளிப்பாட்ட, திருப்பிப் படுக்க வைக்க அபயாம்பாள் ஒருத்திதான். ஒவ்வொரு முறை தூக்கி முடித்ததும், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குவாள்.

2007 அக்டோபரில் மூன்று நாள் தண்ணீர் வரவில்லை. லாரித் தண்ணீருக்கு யார் சொல்வது என்று கேட்க ஸ்டெல்லா அவர்கள் வீட்டுக்குப் போனாள். கட்டிலுக்குப் பக்கத்துச் சுவர் ஒரு சாண் புடைத்து நின்றது. இரண்டு தோள்பட்டைகள், நடுவில் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்த பின்னல், வலது தோளில் லேப்டாப் பை வார் அழுத்திய பள்ளம். யாருடைய முதுகு என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“மழைத்தண்ணி இறங்கி ஊதிண்டிருக்கு,” என்றாள் அபயாம்பாள், அவள் பார்ப்பதைப் பார்த்து. “சாஞ்சுக்க வாகாத்தான் இருக்கு. ஆனா ஒரு வருஷமா எனக்கும் இங்கே, ரெண்டு தோளுக்கும் நடுவுல, பிராணன் போறது. இவரைத் தூக்கித் தூக்கித்தான். வேற என்ன.”

ஸ்டெல்லா தண்ணீர் லாரி நம்பரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அன்றைக்குப் பந்தைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. மூன்றாம் நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை, போய்ச் சாய்ந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு முனகல் கேட்டது. உடனே விலகினாள். உண்மையைச் சொல்ல அவளுக்கு ஒன்பது நாள் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோவிலுக்குப் போன புடவையோடு நேரே போய் நின்றாள்.

“மாமி, அது மழைத்தண்ணி இல்லை. என் முதுகு. உங்க வலியும் என்னோடதுதான்.”

அபயாம்பாள் கிண்ணத்தில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். புடைப்பைப் பார்த்தாள்; ஸ்டெல்லாவைத் திரும்பி நிற்கச் சொல்லிப் பார்த்தாள். பின்னலைப் பார்த்தாள். நம்புவதற்கு அவளுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“வலி கிடக்கட்டும்,” என்றாள். “நான் இவராலதான்னு நெனைச்சேன். ஒரு வருஷமா நித்தம் இவர் மேல எரிஞ்சு விழறேன். போன மாசம் கையை ஓங்கி அடிச்சுட்டேன், ஸ்டெல்லா. ஸ்பூனைத் தட்டி விட்டார்னு. அவரோட இடது கையில, விழாத அந்த நல்ல கையில அடிச்சேன்.”

கட்டிலில் இருந்த சக்ரபாணி, “நக்கோ,” என்றார். அவர் என்ன சொன்னார் என்று இருவருக்கும் விளங்கவில்லை. அபயாம்பாள் அவருடைய அந்த இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து ஸ்டெல்லா காலை ஐந்தரைக்கு அந்த வீட்டுக்குப் போனாள். புடைப்பில் தன் முதுகைப் பொருத்திச் சாய்ந்து, கொடுத்ததைத் திரும்ப வாங்கினாள். போனதை விட மெதுவாகத்தான் வந்தது. 2006-இல் ஒரு வாரத்தில் இறக்கியதை வாங்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆயிற்று. பிறகு இருவருமாக, ஒருத்தி தோளிலும் ஒருத்தி இடுப்பிலும் பிடித்து, சக்ரபாணியை எழுப்பி உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு தரையில் பாய் விரித்து, பிசியோதெரபி தாளில் இருந்த முதல் மூன்றையும் சேர்ந்து செய்தார்கள். தோளைக் காதுவரை தூக்கி இறக்குவது, கைகளைக் கோத்து முன்னே நீட்டுவது, பூனை மாதிரி முதுகை வளைப்பது. வறுத்த உப்பைத் துணியில் முடிந்து ஒருத்திக்கொருத்தி ஒத்தடம் கொடுத்தார்கள். ஏழு பத்துக்குப் பஸ். நாற்காலியில் உட்கார்ந்தே அரைத் தூக்கம் தூங்கிய காலம் அது. 2008-இல் அலுவலகத்தில் பாதிப் பேரை அனுப்பினார்கள். மிச்சப் பேரின் வேலையும் அவள் தோளில் ஏறியது. அதைச் சுவருக்குக் கொடுக்கலாம் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். கொடுக்கவில்லை. 2009-இல் ஃபெலிக்ஸையும் அமெரிக்காவிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். வந்த முதல் ஞாயிறே சக்ரபாணியைக் குளிப்பாட்ட அவனையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். அந்த வருடக் கடைசியில் புடைப்பு அமுங்கி, சுவர் இரண்டு பக்கமும் சமமானது. அபயாம்பாளுக்கு வலி போய்விட்டது. ஸ்டெல்லாவுக்குப் போகவில்லை, தாங்கிக்கொள்கிற அளவில் நின்றது.

சக்ரபாணி 2011 மார்ச்சில், தூக்கத்தில் போனார். மகன் ஸ்ரீனிவாஸ் புனேயிலிருந்து வந்து, காரியங்களைச் செய்து, அம்மாவைக் கூடவே கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தனியாகத் திரும்பினான். அபயாம்பாள் அழவில்லை. வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, பழக்க தோஷத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்படியே ஒரு மாதம் உட்கார்ந்தாள்.

ஏப்ரலில் ஒரு காலை, ஸ்டெல்லாவின் வீட்டில் புத்தக அலமாரி தானாக முன்னால் நகர்ந்து நின்றது. ஃபெலிக்ஸ் அதை இழுத்துப் பார்த்தான். பின்னால் சுவர் புடைத்திருந்தது. சின்ன முதுகு, லேசான கூன், கழுத்துக்கு மேலே கட்டுக்கொண்டை. ஆக்னஸ் தொட்டுப் பார்த்துவிட்டு, “வேடிகா உந்தி,” என்றாள். சூடாகத்தான் இருந்தது.

“ஒனக்கு ஆபீசுக்கு நேரமாச்சுல்லா?” என்றான் ஃபெலிக்ஸ்.

“போன் பண்ணி முதுகுவலின்னு சொல்லிடுங்க,” என்றாள் ஸ்டெல்லா.

அலமாரியை இருவருமாக ஜன்னலோரம் நகர்த்தினார்கள். அவள் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, திரும்பி நின்று, புடைப்பின் மேல் முதுகை வைத்தாள். இது அவளுக்குத் தெரிந்த வலி இல்லை. இன்னும் கீழே, விலாவுக்குள் இறங்கி, மூச்சை நிறுத்திவிட்டுப் பிறகு கண்ணில் வந்தது. அவள் நின்றபடியே அழுதாள். பத்து நிமிடம் கழித்து, சுவருக்கு அந்தப் பக்கம் அபயாம்பாளும் அழுவது கேட்டது.

மறு வருடம் வீட்டுக்காரர் வெள்ளையடிக்க ஆள் அனுப்பினார். பெயிண்டர் புடைப்பைத் தட்டிப் பார்த்து, கொத்திச் சமமாக்கிவிடட்டுமா என்று தெலுங்கில் கேட்டான். வேண்டாம், அதில் ஆள் சாய்வது உண்டு என்றாள் ஸ்டெல்லா. பெயிண்டர் தலையாட்டினான். வளைந்த இடத்தில் ரோலர் சரியாக ஓடாது, பிரஷ்ஷில்தான் போட வேண்டும், காய இரண்டு நாள் ஆகும், அதுவரை யாரும் சாய வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஏணியை ஓரமாக வைத்துப் பிரஷ்ஷை எடுத்தான்.