மூக்கை மூடிய மீட்டர்

எங்கள் ஆலையில் நாற்பது குழாய் இணைப்புகள். எதில் தீப்பிடிக்கக்கூடிய மீத்தேன் வாயு கசிகிறது என்று மாதாமாதம் மீட்டரால் அளந்து அறிக்கை அனுப்ப வேண்டும். மூன்று வருடமாக நாற்பதிலும் பூஜ்யம். வேலைக்குச் சேர்ந்த ஒரே வாரத்தில் எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. மீட்டரின் மூக்கில் மாட்டியிருந்த ரப்பர் மூடியை யாரும் கழற்றுவதே இல்லை. நான் கழற்றினேன். முப்பத்தோரு இடத்தில் கத்தியது.

மேனேஜர் அதைவிடச் சத்தமாகக் கத்தினார்.

"மூடிய ஏம்மா கழட்டுன? தூசி போகும்ல?"

"மூக்க அடைச்சா அதுக்கு எப்படி சார் தெரியும்?"

"வாய் ரொம்ப நீளுது. பூஜ்யம்னு எழுது. இல்லன்னா உன் வேலை நிரந்தரமாகாது."

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். இந்த வேலையைப் பற்றி அப்பா தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்திருக்கிறார். அதற்காகப் பொய் எழுதவா படித்தேன்?

"மாட்டேன் சார்."

"இந்த மீட்டரே ஒரு பைத்தியம். என் ரூம்ல வச்சாலும் கத்தும், பாரு!"

பிடுங்கிக்கொண்டு போய்த் தன் நாற்காலிக்குப் பின்னால் நீட்டினார். கத்தியது. ஜெயித்துவிட்டவர் மாதிரி சிரித்தார்.

"சார், அந்தச் சுவரோரமா போறது எந்தக் குழாய்?"

சிரிப்பு நின்றது. குழாயின் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவினேன். புசுபுசுவென்று நுரை கிளம்பியது.

மேனேஜர் ஒரே ஓட்டமாக வாசலுக்குப் போய், அங்கிருந்தே கையை நீட்டினார்.

"அறிக்கையக் குடும்மா, கையெழுத்துப் போடறேன். என்னோட குழாய முதல்ல எழுது!"