இறங்கும்முன் அமுக்க வேண்டிய எண்

காரின் டிரைவர் சீட்டுக்கு அடியில் அவள் தலையை நுழைத்திருந்தாள். வெளியே தெரிந்தவை இரண்டு கால்கள் மட்டுமே. வாசலில் அவள் கணவரை ஏற்றிய வண்டி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் காலையில் அழுதபோதுகூட இவ்வளவு கலங்கவில்லை.

"அண்ணி, எழுந்திருங்க. ஊரே பாக்குது," என்றார் கொழுந்தனார்.

"பாக்கட்டும். டார்ச்ச இப்படிப் பிடிங்க."

மயானம் வரைக்கும் காரைத் தானே ஓட்டி வருவேன் என்று விடிந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். சீட்தான் ஒத்துழைக்கவில்லை. கடைசியாக ஓட்டிய கணவரின் இடத்திலேயே நின்றுவிட்டது. அவர் ஆறடி இரண்டங்குலம். அதில் கால் மட்டுமே ஐந்தடி இருக்கும். அவள் நாலடி பத்து. அந்த சீட்டில் அவள் உட்கார்ந்தால் பிரேக் பக்கத்துத் தெருவில் இருக்கும்.

கதவில் 1, 2 என்று எண் போட்ட, சீட்டின் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் இரண்டு பொத்தான்கள். ஒன்றை அமுக்கினால் சீட் அவருக்காகப் பின்னால் போகும். இரண்டை அமுக்கினால் அவளுக்காக முன்னால் வரும். அந்த வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான்: இறங்குகிறவர் அடுத்தவர் எண்ணை அமுக்கிவிட்டு இறங்க வேண்டும். அந்தச் சட்டத்துக்காக, கார் வாங்கிய பதினோரு வருடத்தில் நடந்த சண்டைகளைச் சேர்த்து வைத்திருந்தால் இரண்டு நாடுகள் அழிந்திருக்கும்.

முந்தாநாள் நடந்த கடைசிச் சண்டையும் அதுதான்.

"ரெண்ட அமுக்காமலே இறங்கிட்டீங்க," என்றாள் அவள்.

"அமுக்கினேன். சத்தியமா அமுக்கினேன்."

"அமுக்கினா சீட் வந்திருக்கணுமே? தள்ளுங்க, நான் பாக்கறேன்."

"நீ ஒண்ணும் கை வைக்க வேணாம். மெக்கானிக்கிட்ட விட்டுக்கறேன்."

பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தவளைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது! "பொய் சொல்லாதீங்க," என்று அவள் பேச்சை நிறுத்தினாள். நேற்று விடியற்காலையில் அவர் மூச்சை நிறுத்தினார்.

மகன் குனிந்தான். "அம்மா, நான் ஓட்டறேன். நீ பக்கத்துல உக்காரு."

"ஆஸ்பத்திரி, கல்யாணம், கண் டாக்டர், எல்லாத்துக்கும் நான்தான்டா உங்கப்பாவக் கூட்டிட்டுப் போனேன். இன்னிக்கும் நான்தான்."

"பேட்டரி வயரக் கழட்டி மாட்டினா சரியாயிடும் அண்ணி," என்றார் கொழுந்தனார்.

"கழட்டினா ரெண்டு நம்பரும் அழிஞ்சிடும். அவரு நம்பர் அழியறதுக்கா நான் இங்க படுத்துக் கெடக்கேன்? வயர்ல கை வெச்சுப் பாருங்க, முன்னாடி நிக்கற வண்டியில இன்னொரு ஆளுக்கும் இடம் இருக்கு."

கொழுந்தனார் இரண்டு கைகளையும் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வயர்கள் சரி. வெளியே வந்து பியூஸைப் பார்த்தாள், அதுவும் சரி. சீட்டின் பக்கவாட்டு சுவிட்சைப் பின்னால் தள்ளினாள். சீட் வழுக்கிக்கொண்டு போனது. முன்னால் தள்ளினாள், மோட்டார் முக்கியது, கொஞ்ச தூரம் வந்து 'டக்'கென்று நின்றது.

"கரண்ட் இருக்கு. மோட்டாரும் உசுரோட இருக்கு. பின்னால போறது முன்னால வரலன்னா, வழியில எதுவோ மறிக்குது."

சீட்டைப் பின்னால் விட்டு, மறுபடி படுத்து, அது ஓடுகிற தண்டவாளத்துக்குள் கையை விட்டாள். நசுங்கிய தகர டப்பா ஒன்று வந்தது. பாதி காலியாகியிருந்தது; மிச்சம் இருந்தவை சாக்லேட்டுகள். அவர் ரத்தத்தில் ஓடிய சர்க்கரையை வைத்து ஊருக்கே காப்பி கலக்கலாம் என்று டாக்டர் எச்சரித்து ஆறு மாதம் ஆகியிருந்தது.



"அமுக்கித்தான் இருக்காரு," என்றாள். சீட் முன்னால் வந்து டப்பாவில் முட்டி நின்றிருக்கிறது. அடியில் பார் என்று அவளிடம் எப்படிச் சொல்வார்? "திருட்டு மனுஷன்."

ஒரு சாக்லேட்டைப் பிரித்து, அத்தனை சொந்தக்காரர்கள் முன்னிலையிலும் வாயில் போட்டு மென்றாள். இரண்டை அமுக்கினாள். சீட் சாதுவாக முன்னால் வந்தது.

அவள் அடித்த ஹாரனில் முன்னால் போன வண்டியின் டிரைவர் மூன்று தடவை கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார். நகரத்திலேயே இவ்வளவு சீக்கிரம் மயானம் போய்ச் சேர்ந்தவர் வேறு யாரும் இருக்க முடியாது.

மகன் ஓடிவந்து கார்க் கதவைத் திறந்தான். "வாம்மா. எல்லாரும் காத்திருக்காங்க."

"இரு."

ஒன்றை அமுக்கிவிட்டு இறங்கினாள்.

சீட் மெல்ல முனகியபடி நகர்ந்தது. தடையேதும் இல்லாமல், அந்த நீண்ட கால்களுக்கு வேண்டிய அளவு பின்னால் போய் நின்றது. சத்தம் அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவள் கதவைச் சாத்தினாள்.