மேலே ஒன்றுமில்லை

1

இந்தக் கதை நான் யோசித்ததல்ல, பஸ்ஸில் பொறுக்கியது. ராயக்கோட்டையில் எனக்கு முன்னால் ஏறிய பார்வையற்றவர் ஒருவர், "மேல என்னங்க இருக்குது?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, ஏறுப்பா" என்றார் கண்டக்டர். அடுத்த நொடி 'ணங்' என்று கம்பியில் நெற்றி. யாரோ சிரித்தார்கள்.

2

அவருக்குக் காஜா மொய்தீன் என்று பெயர் வைத்தேன். வருடம் 1988. மூக்கண்டப்பள்ளிக் கம்பெனி ஒன்றில் போல்ட்டுகளைத் தடவிப் பார்த்துப் பிரிக்கும் வேலை. முதலில் இப்படித் தொடங்கினேன்:

'பள்ளிக்கூடத் தாழ்வாரத்தின் குறுக்கே ஓர் இரும்பு உத்தரம் தாழ்ந்து—'

(வர்ணனை போதும். ஆள் காத்திருக்கிறார்.)

3

சென்னையில் ஊனமுற்றோருக்கான ஓட்டப் பந்தயம். இங்கிருந்து ஒருவர்தான் போகலாம். தேர்வு செய்ய வந்த உடற்பயிற்சி ஆசிரியர் முதலில் குதிக்கச் சொன்னார். சுண்ணாம்பு தொட்ட விரலால், பள்ளிக்கூடத் தாழ்வாரச் சுவரில் நின்றபடி ஒரு குறி, எகிறி ஒரு குறி. நடுவில் உள்ள தூரம்தான் காலின் பலமாம்.

காஜாவின் இரண்டு குறிகளும் ஒட்டிக்கொண்டிருந்தன.

"இதுல எங்க ஓடறது?" என்றார் ஆசிரியர்.

"எடம் புதுசு சார்" என்றான் கோவிந்தப்பன். காஜாவோடு வேலை செய்பவன். ஓட்டத்தில் எல்லைக்கோட்டில் நின்று 'பா, பா' என்று கன்னடத்தில் கூப்பிடுபவன். "எங்கொரலு கேட்டாப் போதும், பாய் பாஞ்சு வந்துடுவாரு."

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். இன்னொரு வாட்டி குதிக்கட்டும். அதோட சரி."

காஜா நெற்றித் தழும்பைத் தடவினார். "கோவிந்தப்பா, மேல என்ன இருக்குது?"

"ஒண்ணுமில்ல பாய், எகிறு."

காஜா சிரித்தார். ஒன்றுமில்லை என்று அவரிடம் சொன்னவர்களுக்கெல்லாம் கண் இருந்தது.

(முன்னால் ஓட கோவிந்தப்பன் குரல் இருக்கிறது. மேலே நின்று அவரை யாரும் கூப்பிட்டதில்லை.)

4

முதல் முடிவு: எகிறுகிறார், தேர்வாகிறார், சென்னையில் ஜெயிக்கிறார். எழுதினேன், எனக்கே நம்பிக்கை வரவில்லை.

இரண்டாவது: எகிறுகிறார், 'ண—'

இல்லை. மனசு வரவில்லை.

பிறகுதான் உறைத்தது. அந்த உத்தரம் பள்ளிக்கூடத்தில் இல்லை. கதைக்கு அழகாக இருக்கட்டும் என்று நான் வைத்தது. உடனே அந்த வரியை அடித்துவிட்டேன். ஆனால் நீங்கள் படித்துவிட்டீர்கள். இப்போது அது உங்களிடம் இருக்கிறது.

5

காஜா முழங்காலை மடக்கிவிட்டார். விரலில் சுண்ணாம்பு. கோவிந்தப்பனையே நம்பாதவர், என்னையா நம்பப் போகிறார்? முகத்தை உங்கள் பக்கம் திருப்புகிறார்.

"மேல என்னங்க இருக்குது?"