பத்தொன்பதாயிரத்து நூற்று நாற்பது செங்கல்

ஆயிரத்து எண்பத்தெட்டு யுவான். பதினேழு மாதச் சம்பளம், மாதத்துக்கு அறுபத்துநாலு. எங்கள் ஊர், பான் வாத்தியாருக்குத் தர வேண்டியிருந்தது அவ்வளவு.

அவர் அரசாங்க வாத்தியார் இல்லை, ஊர் வைத்துக்கொண்ட வாத்தியார். டவுன் பள்ளியில் அதே புத்தகத்தை நடத்துகிறவருக்கு அரசாங்கம் இருநூற்று அறுபது கொடுத்தது. ஊர்ச் சூளையில் செங்கல் சுமக்கிற எனக்கே இருநூறு. என் முப்பத்தெட்டாவது வயதில், குளிரில் சூளை அணைந்து கிடந்த நாட்களில், எங்கள் ஏழெட்டுப் பேருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

அந்த வருடம் ஐந்தாம் மாதம் மாவட்டத்திலிருந்து காகிதம் வந்தது. நாற்பத்தைந்து வயது தாண்டாத ஊர் வாத்தியார்கள், பயிற்சிக்கென்று தொள்ளாயிரம் யுவான் கட்டினால் அரசாங்கச் சம்பளத்தில் ஏறலாம். மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும். பான் வாத்தியாருக்கு நாற்பத்தைந்து நடந்துகொண்டிருந்தது. அடுத்த வருடம் என்பது அவருக்கு இல்லை.

ஊர்க் கணக்கர் ஹுவிடம் போனார். கூலி வாங்க நாங்களும் அங்கே நின்றிருந்தோம்.

"பணம் எங்க இருக்கு வாத்தியாரே? ஊரு பூரா பள்ளிக்கூட வரி பாக்கி. இந்தாங்க லிஸ்ட். நீங்களே வீடு வீடாப் போய் வாங்கிக்கங்க. வர்றது பூரா உங்களுக்குத்தான்."

"நான் பாடம் நடத்துறவன். வரி வசூலிக்கிறவன் இல்லையே."

"ரெண்டும் வாய் வேலைதானே," என்றார் ஹு.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். லிஸ்டில் என் பேர் ஒன்பதாவது. நாற்பத்தைந்து யுவான்.

மூன்றாம் நாள் வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாங்கள் சோளக்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். பணம் அறுபது, மெத்தைப் பஞ்சுக்குள் இருந்தது.

"டோங், உன் பாக்கிய இப்பக் குடுத்தா எனக்குப் பெரிய உதவி."

"கையில இல்ல வாத்தியாரே."

என் மனைவி கிண்ணத்தை வைத்தாள். "நிழல்ல உக்காந்து பாக்குற வேலை. வருசத்துல மூணு மாசம் லீவு வேற. இவரு முதுகைப் பாத்திருக்கீங்களா? தோலே இல்ல."

"அந்த முதுகுக்கு மாசாமாசம் கூலி வருதேம்மா. எனக்குப் பதினேழு மாசமா வரல."

"பக்கத்து வீட்டுல குடுத்தாங்களா? அவங்க குடுக்கட்டும். நாங்க மட்டும் இளிச்சவாயா?"

அவர் எங்கள் பன்றியைப் பார்த்தார். பக்கத்து ஊர் வாத்தியார் இப்படித்தான் வசூலுக்குப் போய் நாலு வீட்டுப் பன்றியைக் கயிறு கட்டி இழுத்துப் போயிருந்தார். அது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பன்றியிடமிருந்து கண்ணை எடுத்துவிட்டு, "சியூ நல்லா வாசிக்கிறா," என்று எங்கள் மகளைப் பற்றிச் சொன்னார். பிறகு போய்விட்டார்.

"கயிறு கொண்டுவர மறந்துட்டாரு," என்று என் மனைவி சிரித்தாள்.

பன்னிரண்டு நாள் அலைந்து அவர் சேர்த்தது நூற்று முப்பத்தொன்று.

கெடுவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஹு ஒரு வழி சொன்னார். மீதித் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழுக்கு ஊர்ச் சூளையிலிருந்து செங்கல் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று ஐந்து காசு. பத்தொன்பதாயிரத்து நூற்று நாற்பது செங்கல். வாத்தியார் டவுனுக்கு ஓடி ஒரு கட்டட மேஸ்திரியைப் பிடித்தார். அதே விலைக்கு மொத்தத்தையும் எடுப்பதாக அவன் சொன்னான். ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவர் முகம் தெளிவாக இருந்தது.

ஹு என்னைச் சூளைக்குப் பின்னால் கூட்டிப் போனார். வைக்கோல் பாய் போட்டு மூடிய அடுக்கு. அந்த அடுக்கைச் சுட்டபோது நிலக்கரி ஈரம். கல் வேகவே இல்லை. மேலே சிவப்பு, உள்ளே மண். தட்டினால் மரக்கட்டைச் சத்தம். இரண்டு மாதமாக யாரும் வாங்கவில்லை.

"வாத்தியாரு உன்னத்தான் கேப்பாரு," என்றார் ஹு. "உன் நாப்பத்தஞ்ச நான் பாத்துக்கறேன்."

வாத்தியார் வந்தார். ஒரு கல்லை எடுத்து, புத்தகத்தைத் தடவுகிற மாதிரி தடவினார்.

"எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. நீதான் சொல்லணும். வெந்திருக்கா டோங்?"

"வெந்திருக்கு."

அவர் மறுபடி கேட்கவில்லை. கணக்குத் தீர்ந்தது என்ற காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு நான். கைநாட்டு வேண்டாம் என்று சொல்லி, பேரையே எழுதினேன்.

மறுநாள் காலை மேஸ்திரி டிராக்டரோடு வந்தான். இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று மோதினான். இரண்டும் உடைந்தன. கையைத் தட்டிவிட்டு வண்டியைத் திருப்பினான். மத்தியானம் மழை பிடித்தது. பாயை யாரும் போடவில்லை. கல் இப்போது ஊருடையது இல்லையே. சாயங்காலத்துக்குள் பள்ளிக்கூடப் பக்கத்துச் சாக்கடை சிவப்பாக ஓடியது.

வாத்தியார் நனைந்தபடி ஹுவின் ஆபீசுக்கு வந்தார். நானும் அங்கே நின்றிருந்தேன். ஹு அந்தக் காகிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார். வாத்தியார் அதை முழுக்கப் படித்தார். என் பேர் இருந்த இடத்தில் அவர் விரல் நின்றது.

"கையெழுத்து முன்னைக்கு இப்பத் தேறியிருக்கு, டோங்," என்றார்.

அவர் வாசலைத் தாண்டியதும் ஹு அடிக்கோலை எடுத்தார். நோட்டில் வாத்தியார் பேர் இருந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தார். பக்கத்தைப் புரட்டி, என் பேரைத் தேடி, அதையும் அடித்தார்.