மூன்றாவது துணை விவரம்

1

இந்தக் கதை ஒரு பாடத்தில் பிறந்தது. கட்டுரை ஒன்றின் மையக் கருத்தையும் துணை விவரங்களையும் பிரித்தறிவது எப்படி என்று மாணவர்களுக்காக எழுதிக்கொண்டிருந்தேன். மாதிரிக்கு ஒரு பத்திரிகைக் கட்டுரையை இட்டுக்கட்டினேன். ஆண்டு 1956. கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் அணை எழும்புகிறது.

மையக் கருத்து: பல ஊரார் உழைப்பில் அணை உயர்கிறது.

துணை விவரங்கள்: கல் வரும் வழி, கூலியாட்களின் ஊர்கள், தளிப் பக்கத்து ஆள் ஒருவர் களி உருண்டையின் முதல் விள்ளலைக் கல்லின்மேல் வைத்துவிட்டே உண்பது.

மூன்றாவதை அடித்து நீக்கப் போனேன். கெம்பம்மா விடவில்லை.

2

கெம்பம்மா அழகான

[இல்லை. களைத்திருந்தாள்.]

தளியிலிருந்து அண்ணன் சென்னப்பனோடு கொத்தமல்லிக் கட்டுகளை ஓசூர்ச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தாள். கணவன் ஆஞ்சப்பன் மழை பொய்த்த வருஷம் வேலை தேடிப் போனவன். தகவல் இல்லை. செத்திருப்பான் என்று வீட்டில் முடிவுகட்டி, அவளுக்கு வேறு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். அவள் சரி என்று சொல்வதுதான் பாக்கி.

சந்தை டீக்கடையில் ஷௌகத் அலி அந்தக் கட்டுரை வந்த பேப்பரைப் படித்தார். தமிழ் பெஞ்சுக்கு முழுவதும் படிப்பார். கன்னடத்திலும் தெலுங்கிலும் சாரத்தை மட்டும் சொல்வார். இருப்பது ஒரு தொண்டை.

தமிழ் பெஞ்சு சிரித்தது. கெம்பம்மா இருந்த கன்னட பெஞ்சுக்கு, அணை எழும்புகிறது என்ற சாரம் மட்டும் வந்தது.

"பாய், அவங்க எதுக்குச் சிரிச்சாங்க?"*

"அது முக்கியமில்லம்மா. உங்க ஊரு ஆளு ஒருத்தன் களி திங்கிற கதை."

"அதச் சொல்லுங்க."

சொன்னார்.

"தளிக்காரன் காக்காவுக்குக் களி வெக்கிறானாம்! அது தின்னுட்டுப் பறக்குமா?" என்றது தமிழ் பெஞ்சு.

கெம்பம்மா சிரிக்கவில்லை. பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்பவள் அவள். அவளது உள்ளங்கையில் ஆஞ்சப்பன் முதல் விள்ளலை வைப்பான்; அவள் அதை வாயில் போட்ட பிறகே அவன் கை தன் தட்டுக்குப் போகும்.

"பேரு போட்டிருக்கா, பாய்?"

"இல்லம்மா."

"களி திங்கிறவன் ஊரெல்லாம் இருக்கான்," என்றான் சென்னப்பன். "சாமிக்கு வெச்சிருப்பான். வா, தளி பஸ்ஸு போயிடும்."

"சாமிக்குன்னா சாமிக்குன்னு எழுதியிருப்பான்ல, அண்ணா? எழுதினவனுக்கே யாருக்குன்னு தெரியல."

[உண்மை. எனக்குத் தெரியாது.]

அவள் கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறினாள்.

* கன்னடத்தில் கேட்டாள். தமிழாக்கியது நான். அந்தக் குரலில் கொஞ்சம் இங்கே வந்து சேரவில்லை.

3

ஒரு முடிவு: அது வேறு ஆள். விள்ளல், இறந்த மகளுக்கு. [கச்சிதமாக இருக்கிறது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.]

இன்னொன்று: ஆஞ்சப்பன்தான். ஆனால் அவன் பக்கத்தில் ஒருத்தி

[வேண்டாம்.]

எனக்கு ஆசையான முடிவு: அவன் கல்லின்மேல் வைக்கப் போகும்போது, குறுக்கே ஒரு கை

எழுத வரவில்லை. வேலைத்தளம்வரை அவளைக் கொண்டுபோக என்னிடம் வாக்கியங்கள் உண்டு. கல்லருகே குனிந்திருப்பவன் நிமிர்கிற வாக்கியம் மட்டும் இல்லை.

உங்களிடம் இருந்தால் எழுதுங்கள். சீக்கிரம். பஸ் சூளகிரியைத் தாண்டிவிட்டது.