விட்டுப்போன கை

மைசூர் ஜெயிலில் சேகரன் இடது கையால் சாப்பிடுவதைப் பார்த்து முகம் சுளிக்காத ஆள் கிடையாது. பீச்சாங்கைக்காரன் என்று பேரே வைத்துவிட்டார்கள். அவனோ காது கேளாதவன் மாதிரி தின்றுவிட்டு எழுந்துபோவான். குடிவெறியில் மம்பட்டியை எடுத்துச் சொந்தத் தம்பி கணேசனை அடித்துக் கொன்றது அவனுடைய வலது கை. அந்தக் கையால் சோறு தின்ன மனசு வரவில்லை. ஐந்து வருஷமாயிற்று.

தான் தின்பது போகட்டும். மகாளய அமாவாசைக்குத் தம்பிக்கு ஒரு பிடி சோறு வைக்கவேண்டுமே. கல்யாணம் ஆகாமல் போனவனுக்கு அண்ணனை விட்டால் நாதி ஏது? இடது கையால் வைத்தால் பாவம், வலது கையால் வைத்தால் அதைவிடப் பாவம் என்று ஒவ்வொரு வருஷமும் வைக்காமலே விட்டான். தம்பி பட்டினி கிடக்கிறான் என்ற நினைப்பு அவனை அரித்தது.

செவ்வாய்க்கிழமைதோறும் மைசூர் விஜயநகரிலிருந்து ஸ்ரீவல்லி அம்மா வந்து மூச்சைக் கவனிக்கச் சொல்லிக்கொடுப்பார். நாற்பது பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, உச்சந்தலையிலிருந்து ஒவ்வோர் உறுப்பாகச் சொல்லி வருவார்.

"இப்போ வலது கை. கனமா இருக்கா, சூடா இருக்கா, சும்மா பாருங்கோ."

சேகரன் எழுந்து வெளியே போய்விட்டான். வகுப்பு முடிந்ததும் அவர் தேடிவந்து காரணம் கேட்டார். சொன்னான். நல்லவேளை, அவர் உபதேசம் ஏதும் செய்யவில்லை.

"தெரியாம சொல்லிட்டேன்பா," என்றார்.

அடுத்த செவ்வாய், அமாவாசைக்கு முந்தின நாள். இடது கை முடிந்ததும் அவர் நேரே காலுக்குப் போய்விட்டார். தன் ஒருவனுக்காக நாற்பது பேருடைய வலது கையும் விட்டுப்போயிற்றே என்று சேகரனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"வலது கைய விட்டுப்போட்டீங்கம்மா," என்றான், கண்ணைத் திறக்காமலே.

அவர் காலை விட்டுவிட்டு, "வலது கை," என்றார்.

பார்த்தான். கனத்தது. மம்பட்டிக் காம்பு நினைவுக்கு வந்தது. ஹனூர் சந்தைக் கூட்டத்தில் சின்ன வயசுக் கணேசன் இறுகப் பிடித்துக்கொண்டு நடந்ததும் இதே கையைத்தான். எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் மதியம் தட்டிலிருந்து வலது கையால் ஒரு பிடி அள்ளி மதில் ஓரம் வைத்தான். பாதி சிந்திவிட்டது.

"சாப்புடு சாமி. அஞ்சு வருசமா பசியா இருந்திருப்பே," என்று சொல்லிவிட்டுச் சேகரன் அழுதான்.